எங்கள் வீதியில் ஒரு வாசிப்பு வட்டம்



நீங்கள் இந்தப் பக்கத்தை வாசிக்கிறீர்கள். எழுத்துக் கூட்டி வாசித்தாலும் சரி, வேகமாக வாசித்தாலும் சரி. இது உங்கள் உழைப்பால் வந்தது.

ஆனால் கற்ற எழுத்து மறந்தும் போகும். அரிவாளைத் தீட்டாமல் பரணில் போட்டால் துரு ஏறும் அல்லவா? அப்படித்தான்.

எங்கள் ஊர் கேரளத்தில், பாலக்காடு மாவட்டம் சித்தூர் பக்கம் இருக்கிறது. இங்கே தமிழ் பேசுபவர்கள் நிறையப் பேர் உண்டு. எழுத்தறிவு வகுப்பு முடிந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. ஒரு பெரியம்மா கல்யாணப் பத்திரிகையை என்னிடம் நீட்டினார். "தேதி என்ன போட்டிருக்குது, கண்ணு?" என்று கேட்டார். அவர் கையைப் பிடித்து 'க' எழுதச் சொல்லித் தந்தவள் நான். தமிழில் அச்சடித்த பத்திரிகைதான் அது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அன்றைக்குத்தான் வாசிப்பு வட்டம் தொடங்க வேண்டும் என்று தோன்றியது. வாசிப்பு வட்டம் என்றால் பெரிய விஷயம் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் பத்துப் பேர் வாரம் ஒரு நாள் கூடுவது. ஒருவர் வாசிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள். பிறகு அதைப் பற்றிப் பேசுவார்கள். அவ்வளவுதான்.

கண்ணூர் பீடித் தொழிலாளர்கள்

இது புதிய யோசனையும் இல்லை. கேரளத்தின் வடக்கே கண்ணூர் இருக்கிறது. அங்கே பீடி சுற்றும் தொழிலாளர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். மடியில் முறம். முறத்தில் இலையும் புகையிலைத் தூளும். கை ஓயாமல் சுற்றும். வாய்க்கும் காதுக்கும் வேலை இல்லை.

அதனால் ஒருவர் உரக்கச் செய்தித்தாள் வாசிப்பார். செய்தித்தாள் முடிந்தால் கதைப் புத்தகம். மற்றவர்கள் பீடி சுற்றிக்கொண்டே கேட்பார்கள், நடுவில் வாதாடுவார்கள்.

வாசிப்பவர் அந்த நேரத்தில் பீடி சுற்ற முடியாதே, கூலி குறையுமே? அதற்கும் வழி கண்டார்கள். மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் பீடி சுற்றி அவர் கணக்கில் சேர்த்துவிடுவார்கள்.

1966-இல் பீடித் தொழிலாளர்களுக்காக ஒரு சட்டம் வந்தது. அதை நடைமுறைப்படுத்தும் நேரத்தில் முதலாளிகள் பலர் தொழிலை மூடிவிட்டுப் போனார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் வேலை இழந்தார்கள். 1969-இல் தொழிலாளர்களே கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். கேரள தினேஷ் பீடி என்று பெயர். அந்தச் சங்கத்திலும் வாசிப்பு தொடர்ந்தது. இப்போது பீடித் தொழில் மிகவும் சுருங்கிவிட்டது. பீடி உடம்புக்குக் கெடுதல்தான், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அதைச் சுற்றியவர்கள் கண்ட வழி எனக்குப் பிடித்திருந்தது. பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர்கள்கூட நாட்டு நடப்பை அங்கே காதால் தெரிந்துகொண்டார்கள்.

எங்கள் வீதியில் பெண்கள் மாலையில் திண்ணையில் உட்கார்ந்து நிலக்கடலை உரிப்பார்கள். கை வேலை செய்யட்டும், காது கேட்கட்டும் என்று நினைத்தேன்.

முதல் கூட்டம்

முதல் வாரம் ஏழு பேர் வந்தார்கள். நான் குழந்தைகள் புத்தகம் ஒன்றைக் கொண்டுபோனேன். எழுத்து பெரிதாக இருந்தது, படமும் இருந்தது. சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன்.

ஓர் அக்கா சிரித்துவிட்டார். "ஏனுங்க அம்மிணி, காக்காய் நரிக் கதையெல்லாம் எங்க பேரப் பிள்ளைக்குச் சொல்லுங்க. எங்களுக்கு எதுக்குங்க?" என்றார்.

அவர் சொன்னது நியாயம். எழுத்துக்குத்தான் அவர்கள் புதியவர்கள். வாழ்க்கைக்குப் புதியவர்கள் அல்ல. பிள்ளை பெற்றவர்கள், கடன் அடைத்தவர்கள், நிலம் விற்றவர்கள்.

ஊர் நூலகத்துக்குப் போனேன். கேரளத்தில் ஊருக்கு ஊர் வாசிகசாலை உண்டு. 1945-இல் பி. என். பணிக்கர் என்பவர் 47 நூலகங்களை ஒன்று சேர்த்துச் சங்கம் அமைத்தார். ஊர் ஊராக நடந்து மக்களை வாசிக்கச் சொன்னார். அவர் 1995-ஆம் ஆண்டு ஜூன் 19-ஆம் தேதி இறந்தார். அந்த நாளைத்தான் கேரளத்தில் வாசிப்பு நாளாகக் கொண்டாடுகிறார்கள். எங்கள் நூலகத்தில் பெரும்பாலும் மலையாளப் புத்தகங்கள். தமிழுக்கு ஒரே ஓர் அலமாரி. அதில் சின்னச் சின்னப் புத்தகங்களாக எடுத்தேன். சர்க்கரை நோய், ஆடு வளர்ப்பு, பெண்களுக்குச் சொத்துரிமை, இரண்டு மூன்று சிறுகதைத் தொகுப்பு.

சிறுகதைக்குத்தான் கூட்டம் கூடியது. மாமியார் மருமகள் சண்டை வரும் கதையை வாசித்தபோது நல்ல வாதம் நடந்தது. பாதிப் பேர் மாமியார் பக்கம், பாதிப் பேர் மருமகள் பக்கம். அன்று கடலை உரித்தவர்கள் யாரும் இல்லை!

நான் செய்த தவறு

மூன்றாம் மாதம் எல்லோரும் முறை வைத்து வாசிக்கத் தொடங்கினோம். ஆளுக்கு நான்கு வரி. கல்யாணப் பத்திரிகை காட்டிய பெரியம்மாவின் முறை வந்தது. அவர் விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டினார். ஒரு சொல்லைத் தப்பாக வாசித்தார். நான் உடனே திருத்தினேன். மறுபடி தப்பு. மறுபடி திருத்தினேன். மூன்றாவது முறை, நேரமாகிறதே என்று அந்த வரியை நானே வாசித்துவிட்டேன். பக்கத்தில் இருந்த அவருடைய மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அடுத்த வாரம் பெரியம்மா வரவில்லை. அதற்கு அடுத்த வாரமும் வரவில்லை. கூப்பிடப் போனேன். "மாட்டுக்குத் தீனி வைக்கணும் கண்ணு, நேரமில்லை" என்றார். மாடு போன வருடமே விற்றாகிவிட்டது. எனக்குத் தெரியும். அவருக்கும் எனக்குத் தெரியும் என்று தெரியும்.

நான் படித்தது பத்தாம் வகுப்பு. பள்ளியில் என்னை ஓர் ஆசிரியர் இப்படித்தான் அவசரப்படுத்துவார். அப்போது நெஞ்சு எப்படி அடைக்கும் என்பது எனக்கு மறந்தே போயிருந்தது.

அதற்குப் பிறகு வட்டத்தில் ஒரு பேச்சு வைத்துக்கொண்டோம். வாசிப்பவர் கேட்டால் ஒழிய யாரும் திருத்தக் கூடாது. வாசிக்க விருப்பம் இல்லாதவர் "நான் கேட்கிறேன்" என்று சொல்லிவிட்டால் போதும், காரணம் கேட்கக் கூடாது. யாராவது சிரித்தால் அடுத்த வாரம் அவர் செலவில் கடுங்காப்பி. மருமகள்தான் முதல் காப்பி வைத்தாள்.

கடன் காகிதம்

ஒரு மாதம் கழித்துப் பெரியம்மா இரவில் என் வீட்டுக்கு வந்தார். சேலை மடிப்பில் இருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். குழுக் கடன் தரும் ஒரு கம்பெனியின் காகிதம். முப்பதாயிரம் ரூபாய். வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட வேண்டும். "மகனிடம் காட்டினால் திட்டுவான். நீ வாசித்துச் சொல்லு" என்றார்.

காகிதம் மலையாளத்தில் இருந்தது, நடுவில் ஆங்கிலமும் இருந்தது. எனக்கே பாதி புரியவில்லை. "வட்டத்தில் வாசிக்கலாமா, பெரியம்மா? உங்கள் பெயரைச் சொல்ல மாட்டேன்" என்றேன். வெகு நேரம் யோசித்தார். "நானே கொண்டு வருகிறேன்" என்றார்.

மலையாளப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் உரக்க வாசித்தாள். நாங்கள் அதைத் தமிழில் சொல்லிப் பார்த்தோம். முக்கியமானவற்றைப் பலகையில் தமிழில் எழுதினேன். பெரியம்மா விரல் வைத்து வாசித்தார். யாரும் திருத்தவில்லை. ஒரு வரிக்கு ஒரு நிமிடம் ஆனது.

நான்காவது வரியில் நின்றுவிட்டார். குழுவில் ஒருவர் தவணை கட்டாவிட்டால் மற்றவர்கள் சேர்ந்து கட்ட வேண்டும் என்பது அந்த வரி. அதைத் திரும்பவும் வாசித்தார். "அப்படீன்னா அஞ்சு பேர் கடனுக்கும் நான் ஜவாப்பா?" என்று கேட்டார்.

ஆமாம். அப்படித்தான் எழுதியிருந்தது. வாயால் சொன்னவர்கள் இதைச் சொல்லவில்லை. வட்டி எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பது எங்கள் யாருக்கும் புரியவில்லை. அதை நூலகத்துக்கு வரும், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவரிடம் கேட்டுக்கொண்டோம். மொத்தமாகத் திருப்பிக் கட்ட வேண்டிய தொகை எவ்வளவு என்று கம்பெனி ஆளிடமே எழுதி வாங்கச் சொன்னார்.

பெரியம்மா கடன் வாங்கினாரா? வாங்கினார். மகளுக்குப் பிரசவச் செலவு இருந்தது. ஆனால் முப்பது அல்ல, பதினைந்தாயிரம். குழுவில் யார் யார் என்பதையும் அவரே பார்த்துச் சேர்ந்தார். அடுத்த வாரம் முதல் வட்டத்துக்கும் வருகிறார். இன்றும் மெதுவாகத்தான் வாசிக்கிறார்.

நீங்கள் தொடங்கினால்

பத்துப் பேருக்கு மேல் வேண்டாம், கூடினால் இரண்டு வட்டமாகப் பிரியுங்கள். டி.வி. சீரியல் நேரத்தில் கூடாதீர்கள், நாங்கள் தோற்றுப் போனோம். ஒரு மணி நேரம் போதும். ஒரே வீட்டில் கூடினால் அந்த வீட்டுக்காரருக்குப் பாரம், அதனால் திண்ணையை மாற்றிக்கொண்டே இருங்கள்.

சந்தா வசூலிக்காதீர்கள். எங்கள் வட்டத்தில் மாதம் பத்து ரூபாய் வைத்தோம். மூன்றே மாதத்தில் கணக்குச் சண்டை வந்தது. நூலகத்துப் புத்தகமே போதும். யார் எடுத்தார், எப்போது திருப்பித் தர வேண்டும் என்பதை ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டை எழுதும் வேலையைப் புதிதாக எழுதக் கற்றவரிடம் கொடுங்கள். எங்கள் நோட்டு இப்போது பெரியம்மாவிடம் இருக்கிறது. நான் எடுத்த புத்தகம் ஒன்று நாள் கடந்துவிட்டது என்று போன வாரம் வீடு தேடி வந்துவிட்டார்.

பேசிப் பாருங்கள்

உங்கள் வீதியில் கூட ஏற்ற இடம் எது? எந்த நேரம் எல்லோருக்கும் ஒத்துவரும்?

வாசிக்கக் கூச்சப்படும் ஒருவரை நீங்கள் எப்படி அழைப்பீர்கள்?

கையெழுத்துப் போடும் முன் வாசிக்காமல் விட்ட காகிதம் உங்கள் வீட்டில் ஏதாவது உண்டா? அடுத்த கூட்டத்துக்கு எடுத்து வாருங்கள்.