பேஸ் டிரம் ஒலிப்பதிவு: காதால் கற்கும் ஒலியியல்

பள்ளி விழாக்களில் மாணவர் இசைக்குழுவின் வாசிப்பைக் கைபேசியில் பதிவு செய்கிறோம். மைதானத்தில் நெஞ்சை அதிரவைத்த பேஸ் டிரம், பதிவில் அட்டைப்பெட்டியைத் தட்டுவதுபோல் கேட்கிறது. பல நாள் பயிற்சி பெற்ற மாணவருக்கு அது ஏமாற்றமே. விலையுயர்ந்த கருவி இல்லாததுதான் காரணம் என்று விட்டுவிட வேண்டியதில்லை. டிரம்மின் தோல், மைக்கின் தூரம், வைக்கும் இடம், ஒலி அளவு ஆகிய நான்கையும் சரிசெய்தால் பதிவு பெரிதும் மேம்படும். ஒவ்வொரு திருத்தமும் ஒலியியல் பாடத்தின் ஒரு கருத்தை விளக்கும்.

கற்றல் விளைவு: அதிர்வெண், அலைநீளம், வீச்சு, எதிரொலிப்பு ஆகியவற்றைக் கேட்டு உணர்ந்து விளக்குதல்.

தேவையானவை: பேஸ் டிரம், கைபேசி, காதணி ஒலிபெருக்கி (ஹெட்போன்), போர்வை, அளவுநாடா.

ஆசிரியர் அறிய வேண்டியது

ஒரே அடியில் இரண்டு ஒலிகள் உள்ளன. ஒன்று, ஏறத்தாழ 50 முதல் 100 ஹெர்ட்ஸ் வரையிலான ஆழ்ந்த முழக்கம். மற்றொன்று, கோல் தோலில் படும்போது எழும் 'டக்' என்ற உயர் அதிர்வெண் ஒலி. ஒலியின் வேகத்தை நொடிக்கு 340 மீட்டர் எனக் கொண்டால், 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 6.8 மீட்டர். அது 20 அடி வகுப்பறையைவிட நீளம்! 3,400 ஹெர்ட்ஸ் ஒலிக்கு அது 10 சென்டிமீட்டர்தான். கைபேசியின் சிறிய ஒலிபெருக்கியால் ஆழ்ந்த முழக்கத்தைத் தர இயலாது. எனவே, பதிவை ஹெட்போனில் கேட்ட பிறகே மதிப்பிட வேண்டும்.

செயல்பாடுகள்

ஒரே மாணவர், ஒரே வலிமையுடன் அடிக்கட்டும். ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்றுக. "பதிவு ஒன்று, நடுப்பகுதி, ஒரு மீட்டர்" என்பதுபோல் சொல்லிவிட்டுப் பதிவு செய்தால் பின்னர் குழப்பம் வராது.

1. தோல்: எதிரெதிர்த் திருகுகளை மாறிமாறிச் சீராக முடுக்குக. இறுக்கம் கூடினால் சுருதி உயரும். ஒலி நெடுநேரம் நீண்டால் மடித்த போர்வையைத் தோலின் ஓரத்தில் இலேசாகப் படுமாறு வைக்கலாம். 1966இல் லண்டனில் பீட்டில்ஸ் குழுவின் பாடல்களைப் பதிவு செய்த ஜெஃப் எமெரிக், பேஸ் டிரம்முக்குள் கம்பளிச் சட்டையைத் திணித்து, மைக்கை மிக அருகே வைத்தார். இறுக்கமான, அழுத்தமான ஒலி கிடைத்தது.

2. தூரம்: 2 மீட்டர், 1 மீட்டர், 30 சென்டிமீட்டர் எனப் பதிவு செய்க. நெருங்க நெருங்க, அறையின் எதிரொலியைவிட டிரம்மின் நேரடி ஒலி மேலோங்கும். பள்ளி மேடையில் பயன்படும் ஒருதிசை மைக்கை நெருக்கமாக வைத்தால் ஆழ்ந்த ஒலி மேலும் கூடும். தோலின் நடுவுக்கு நேராகவும் ஓரத்துக்கு நேராகவும் மைக்கை வைத்து ஒப்பிடுக.

3. இடம்: வெற்று வகுப்பறை, சுவரோரம், திறந்த மைதானம் ஆகிய மூன்றிலும் பதிவு செய்க. சன்னல்களில் போர்வை தொங்கவிட்டால் கூர்மையான எதிரொலி குறையும்; நீண்ட அலைகளை அது அவ்வளவாகத் தடுக்காது. ஏன் என்பதை மாணவர்களே அலைநீளத்தைக் கொண்டு விளக்கட்டும்.

4. அளவு: பதிவு கரகரத்தால், வீச்சு மைக்கோ கைபேசியோ தாங்கும் எல்லையைக் கடந்துவிட்டது என்று பொருள். பதிவு அளவைக் குறைக்க வேண்டும். அந்த வசதி இல்லையெனில் மைக்கைச் சற்றுத் தள்ளி வைக்க வேண்டும். பதிந்துவிட்ட கரகரப்பைப் பின்னர் முழுமையாக நீக்க இயலாது.

மதிப்பீடு

குழுக்கள் தம் சிறந்த பதிவைத் தேர்ந்து, காரணத்தை மூன்று வாக்கியங்களில் எழுதட்டும். "நன்றாக இருக்கிறது" என்பது போதாது. எந்த மாற்றம் எந்த ஒலியைக் கூட்டியது அல்லது குறைத்தது என்று கூற வேண்டும். இறுதித் தேர்வை டிரம் வாசித்த மாணவரிடம் விடுங்கள். தம் கருவியின் முழக்கத்தை நன்கறிந்தவர் அவரே.