மொத்தக் கணக்கும் ஊர்க் கணக்கும்

பல வருடங்களுக்கு முன் ஒரு கடைக்காரர் என்னிடம் கடனுக்குச் சாமான் எடுத்துவிட்டு ஆறு மாதம் இழுத்தடித்தார். நேரில் போய்க் கேட்டேன். "என்னுடைய மொத்தக் கடனில் முக்கால்வாசியைத் தீர்த்துவிட்டேன் நானா" என்றார். அது பொய்யல்ல. ஆனால் அந்த முக்கால்வாசியில் எனக்கு ஒரு சதமும் வரவில்லை.

பெரிய கம்பனிகளின் தண்ணீர் வாக்குறுதிகளை வாசிக்கும்போது அவர்தான் ஞாபகத்துக்கு வருகிறார்.

செயற்கை நுண்ணறிவுக்குப் பின்னால் தரவு மையங்கள் இருக்கின்றன. ஆயிரக்கணக்கான கணினிகள் இரவு பகலாக ஓடும் கட்டடங்கள் அவை. அந்தச் சூட்டைத் தணிக்கப் பல இடங்களில் தண்ணீரை ஆவியாக்குகிறார்கள். வியர்வை காயும்போது உடம்பு குளிர்வது போலத்தான். இதில் மின்சாரம் மிச்சமாகும். ஆனால் ஆவியாகிப் போன தண்ணீர் அந்த ஊர்க் குழாய்க்குத் திரும்பி வராது.

அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் த டால்ஸ் என்ற சிறிய நகரம் உண்டு. அங்கே 2006 முதல் கூகிளின் தரவு மையம் இயங்குகிறது. அது எவ்வளவு தண்ணீர் எடுக்கிறது என்று ஒரிகோனியன் பத்திரிகை கேட்டது. அது வியாபார இரகசியம் என்று சொல்லி, 2021இல் நகரசபையே பத்திரிகைக்கு எதிராக வழக்குப் போட்டது. 2022 டிசம்பரில் வழக்கு சமாதானமாக முடிந்து கணக்கு வெளியே வந்தது. 2021இல் மட்டும் 35 கோடி 51 இலட்சம் கலன், அதாவது சுமார் 134 கோடி லீற்றர். நகரம் முழுவதும் பாவித்த தண்ணீரில் இது 29 சதவீதம்.

நியாயமாகச் சொன்னால், அந்த ஊரின் நீர்வழங்கலை மேம்படுத்த 2 கோடி 85 இலட்சம் டொலர் தரக் கூகிள் 2021இல் ஒப்புக்கொண்டது. ஆனால் பொதுத் தண்ணீரில் எடுத்ததன் கணக்கு ஊராருக்குத் தெரியவே ஒரு வருடத்துக்கு மேல் வழக்காட வேண்டியிருந்தது.

அதே 2021இல்தான் கூகிள் ஒரு வாக்குறுதியும் கொடுத்தது. தான் பாவிக்கும் நன்னீரில் சராசரியாக 120 சதவீதத்தை 2030க்குள் திருப்பிக் கொடுக்குமாம். மைக்ரோசொப்டும் 2020இல் இதுபோன்ற உறுதி தந்தது. கூகிளின் சொந்த அறிக்கைகளின்படி 2023இல் திருப்பிக் கொடுத்தது 18 சதவீதம், 2024இல் 64 சதவீதம். முன்னேற்றம்தான். ஆனால் 'சராசரி' என்ற சொல்லைக் கவனியுங்கள். ஓர் ஊரில் எடுத்து இன்னோர் ஊரில் கொடுத்தாலும் சராசரி நிறையும். எடுத்த ஊரின் கிணறு நிறையாது.

நமக்கு இதில் என்ன பாடம்? பணமானாலும் தண்ணீரானாலும், வாக்குறுதி என்று வந்தால் மூன்று விடயங்களைக் கேளுங்கள். எவ்வளவு? யாருக்கு? எப்போது? சதவீதம் சொன்னால், எதன் சதவீதம் என்றும் கேளுங்கள். நாம் வாக்குக் கொடுக்கும்போதும் இவற்றை எழுத்தில் வையுங்கள்.

என் கடன் எப்படித் தீர்ந்தது தெரியுமா? "உங்கள் மொத்தக் கணக்கு எனக்கு வேண்டாம். என் பெயர் உள்ள பக்கத்தைத் திறவுங்கள்" என்றேன். திறந்தார். அதன் பிறகு அவரால் சாக்குச் சொல்ல முடியவில்லை.