மின்னிசைக் கருவிக்குச் சுவிட்ச் வாங்குவது எப்படி?

நம் சங்கத்துக் குடும்பங்களில் உள்ள பிள்ளைகள் சிலர் மாடுலர் சிந்தசைசர் என்னும் மின்னிசைக் கருவியைத் தாமே கட்டத் தொடங்கியிருக்கிறார்கள். எறணாகுளம் பள்ளிமுக்குக் கடைகளில் பாகங்கள் தேடுகிறார்கள். சென்னைக்குப் போனால் ரிச்சி தெருவையும் விடுவதில்லை. ஐ.சி., ரெசிஸ்டர் இவற்றைப் படத்தைப் பார்த்துச் சரியாகவே வாங்கி வருகிறார்கள். சுவிட்ச் என்றதும் மட்டும், கனமாக இருப்பதே உசத்தி என்று நினைத்துவிடுகிறார்கள். ரயில்வே சிக்னல் ரிலேக்களின் தொடுமுனைகளோடு காலம் கழித்தவன் என்ற முறையில் இதுபற்றிச் சிறிது எழுதுகிறேன்.

முதலில் கருவி எப்படிப்பட்டது என்று பார்ப்போம். ஒலியை உண்டாக்கும் தொகுதி, அதன் நாதத்தை மாற்றும் வடிகட்டி, ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் தொகுதி எனத் தனித்தனிப் பெட்டிகள். அவற்றைக் கம்பிகளால் நம் விருப்பப்படி இணைத்துக்கொள்ளலாம். இது நம் நாட்டுக்குப் புதிதல்ல. 1969-லேயே ஆமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் ஒரு மூக் சிந்தசைசரை நிறுவினார். கீதா சாராபாய் உள்ளிட்ட இந்தியர்கள் அதில் இசை அமைத்தார்கள். அந்த ஒலிநாடாக்களிலிருந்து தேர்ந்த பகுதிகள் 2023-இல் வெளிவந்தன.

இக்கருவிகளில் பெரும்பாலானவற்றில் சுருதியை நிர்ணயிப்பது மின்னழுத்தம். ஒரு வோல்ட் கூடினால் ஒரு ஸ்தாயி மேலே போகும். ஒரு ஸ்தாயியில் 12 ஸ்வரஸ்தானங்கள். ஆகவே ஓர் அரை ஸ்வரத்துக்குச் சுமார் 83 மில்லி வோல்ட். அரை ஸ்வரத்தை நூறாகப் பகுத்தால் வருவதைச் சென்ட் என்பார்கள். ஒரு சென்ட்டுக்கு ஒரு மில்லி வோல்ட்கூட இல்லை.

இப்போது ஸ்தாயி மாற்றும் சுவிட்சை எடுத்துக்கொள்வோம். 3 வோல்ட், சுவிட்ச் வழியாகவும் 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாகவும் போகிறது என்று வையுங்கள். சுவிட்சின் தொடுமுனையில் கறை படிந்து 1 கிலோ ஓம் தடை ஏற்பட்டால் நூற்றுக்கு ஒரு பங்கு, அதாவது 30 மில்லி வோல்ட் குறையும். அது 36 சென்ட். நம் சங்கீத சாஸ்திரத்தில் பிரமாண சுருதி என்பதே சுமார் 22 சென்ட்தான்! தம்புராவோடு சேர்த்து வாசித்தால் பாட்டிக்கும் காது சுளிக்கும்.

கறை எங்கிருந்து வருகிறது? பெரிய சுவிட்சுகளின் தொடுமுனை பெரும்பாலும் வெள்ளி. வெள்ளிக்குக் கந்தகம் ஆகாது. மட்டாஞ்சேரியில் காயல் நீர் வற்றும்போது சேற்றிலிருந்து ஒரு வாடை வருமே, அதில் கந்தக வாயு உண்டு. வீட்டு வெள்ளி விளக்கு கறுப்பது போலவே தொடுமுனையும் கறுக்கும். விளக்கோ விசிறியோ ஓடும் சுவிட்சில், கனத்த மின்னோட்டமும் அழுத்தமும் அந்தப் படலத்தைக் கிழித்துவிடும். நம் கருவியில் ஓடுவதோ, 1 வோல்ட்டுக்கு ஓர் ஆம்பியரில் லட்சத்தில் ஒரு பங்கு! படலம் அப்படியே நிற்கும்.

ஆகவே சமிக்ஞை ஓடும் இடங்களுக்குத் தங்க முலாம் பூசிய தொடுமுனையே வேண்டும். தங்கம் கறுக்காது. இத்தகைய சுவிட்சுகளின் விவரத்தாளில் '0.4 வி.ஏ., 20 வோல்ட்' என்று அற்பமாகப் போட்டிருக்கும். பக்கத்திலேயே வெள்ளித் தொடுமுனைக்கு '5 ஆம்பியர்' என்று இருக்கும். ஐந்தைப் பார்த்து மயங்க வேண்டாம். அதே சமயம், தங்கம் பூசியதைக் கொண்டுபோய் 230 வோல்ட்டில் மாட்டக் கூடாது. முதல் பொறியிலேயே முலாம் போய்விடும், ஆபத்தும்கூட. மின்சாரம் வரும் வழிக்கு அதற்குரிய சுவிட்ச்தான். பிள்ளைகள் ஆயத்த அடாப்டர் வாங்கிக்கொள்வது அதைவிட நல்லது.

பழைய வால்வு ரேடியோவின் பேண்ட் சுவிட்சைப் போலச் சுழலும் சுவிட்சில் இரு வகை உண்டு. ஒன்று அடுத்த முனையைத் தொட்ட பிறகே பழையதை விடும்; மற்றது பழையதை விட்ட பிறகே அடுத்ததைத் தொடும். இரண்டு தொகுதிகளின் வெளியீடுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க இரண்டாவது வகை வேண்டும். இல்லாவிட்டால் இரண்டும் ஒரு கணம் ஒன்றோடொன்று மோதும். ஆம்ப்ளிஃபயரின் பின்னூட்டத் தடையை மாற்றுவதானால் முதல் வகை. இல்லையேல் ஒவ்வொரு திருப்பலுக்கும் ஸ்பீக்கரில் 'டப்' என்று கேட்கும்.

அமுக்கும் பொத்தானை ஒரு முறை அமுக்கினாலும் தொடுமுனை சில மில்லி செகண்டு துள்ளும்; ஸ்வர வரிசையை நகர்த்தும் தொகுதி அதை மூன்று நான்கு அமுக்கலாக எண்ணிவிடும். 10 கிலோ ஓம், 1 மைக்ரோ ஃபாரட், பின்னால் ஒரு 40106 ஐ.சி. போட்டால் தீர்ந்தது.

ஜாக் 3.5 மி.மீ. மோனோவாக, முன்தகட்டில் நட்டு போட்டு முறுக்கும்படி இருக்கட்டும். கம்பியைச் செருகிப் பிடுங்கும் விசை தகட்டுக்குப் போக வேண்டும், ஈயப்பற்றுக்கு அல்ல.

தகட்டில் துளை போடும் முன்பே சுவிட்சை வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சிறிய டாகிள் சுவிட்சுக்குப் பொதுவாக 6.35 மி.மீ. கழுத்து, அதனினும் சிறியதற்கு 5 மி.மீ. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும்.