கூலி நெசவும் பல்கலைக்கழகப் படிப்பும்

பொதட்டூர்பேட்டை நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர். இங்கு நெய்வோருள் பலர் சொந்த நூலில் நெய்து விற்பவரல்லர். பிறர் தரும் பாவையும் ஊடையையும் பெற்றுக் கூலிக்கு நெய்து கொடுப்பவர்கள். அவர்தம் பிள்ளைகள் நிர்வாகமும் விற்பனையும் பயில விரும்பினால், “விற்கும் வித்தைக்கு மூன்றாண்டுப் படிப்பா?” என்று பெற்றோர் கேட்கலாம். நியாயமான கேள்விதான், செலவு அவர்களுடையதல்லவா?

அப்படிப்பில் சேவைத் தொழில் என்றொரு பிரிவு உண்டு. பாங்கு, பஸ், மருத்துவமனை ஆகியவை பொருளை விற்பதில்லை, வேலையை விற்கின்றன. கூலி நெசவும் அவ்வினத்தைச் சேர்ந்ததே. 2017-இல் நடைமுறைக்கு வந்த சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டமும், பிறர் பொருளின்மீது செய்யும் வேலையைச் சேவை என்றே வகுத்துள்ளது. நெசவாளர் விற்பது தம் உழைப்பையும், தறியின் நேரத்தையும், குறித்த நாளில் தருவதாகச் சொன்ன சொல்லையுமே ஆகும்.

நெல்லைக் குதிரில் சேர்த்து வைக்கலாம். தறி நின்றுபோன நாளை எங்கும் சேர்த்து வைக்க இயலாது. உழவுப் பருவம் கழிந்து கொட்டகையில் நிற்கும் வாடகை டிராக்டரின் நிலையும் இதுவே என்பதை விவசாய நண்பர்கள் அறிவார்கள். வேலை குறைந்த நாட்களை எவ்வாறு நிரப்புவது என்பதே இப்பாடத்தின் உயிர்நிலை. கூலியைக் குறைப்பது எளிய வழி என்று தோன்றும். ஆனால், ஒருமுறை குறைத்த கூலியே பிறகு வழக்கமான கூலியாகிவிடும் அபாயம் உண்டு. ஒரே வியாபாரியை நம்பியிராமல் இருவர் மூவரிடம் முன்கூட்டியே வேலை பேசிவைப்பது மேல் என்பது நம் கருத்து.

அமெரிக்காவில் பாங்கு அதிகாரியாயிருந்த லின் ஷாஸ்டாக் என்னும் அம்மையார், 1984-இல் எழுதிய கட்டுரையொன்றில், தெருவோரத்தில் செருப்புக்கு மெருகிடுபவரின் வேலையைப் படிப்படியாக வரைபடமாக்கிக் காட்டினார். மாற்று நிற மெழுகைத் தடவிவிடுவது போன்ற பிழை எப்படியில் நேரும் என்பதையும் அதில் குறித்தார். எளிய வேலைதானே என்று அவர் தள்ளிவிடவில்லை.

அவ்வாறே கூலி நெசவையும் வரைந்து பார்ப்போம். நூலை எடை போட்டு வாங்குதல், பாவு பிணைத்தல், நெய்தல், பிசிறு நீக்கி மடித்தல், எடை போட்டு ஒப்படைத்தல். சச்சரவு எழுவது கடைசிப் படியில். அதன் வேரோ முதற்படியில் உள்ளது. வாங்கிய அன்று நூலின் எடையையும் அதன் குறையையும் சீட்டில் எழுதி இருவரும் கையொப்பமிடாவிடில், ஒப்படைக்கும் நாளில் கூலியில் பிடித்தம் செய்தால் மறுக்க ஆதாரம் இராது. இச்சீட்டுக்குப் பட்டம் தேவையில்லைதான். எனினும், பழகிப்போன வேலையில் இவ்வோட்டையைக் காணும் கண்ணைப் படிப்பு தரக்கூடும்.

மேற்பட்டமாகிய எம்.பி.ஏ. இரண்டாண்டுப் படிப்பு. கிராம நிர்வாகத்துக்கென்றே 1979-இல் குஜராத்தின் ஆனந்த் நகரில் ஒரு கழகம் தோன்றியது. தறியை விட்டு வர இயலாதோருக்கு, 2002-இல் நிறுவப்பெற்ற தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் உள்ளது. எங்குச் சேர்வதாயினும், மாணவர் எழுதவேண்டிய ஆய்வறிக்கையைச் சொந்த ஊர்த் தறிக்கூடத்தைப் பற்றியே எழுத இடமுண்டா என்று பணம் கட்டுமுன் கேட்டுக்கொள்க. இடமுண்டெனில், அதன் படியொன்றைப் பஞ்சாயத்துக்கும் தரும்படி அங்கத்தினர்கள் சொல்லிவைக்கலாம்.