குறைமாதக் குழந்தையைப் படுக்க வைக்கும் முறை: குடும்பத்தார் அறிய வேண்டியவை

குறைமாதத்தில் பிறந்து "பெட்டியில்" வைக்கப்பட்டிருக்கும் குழந்தைகளுக்காக மருத்துவ உதவி கேட்டு நமது அறக்கட்டளைக்கு வரும் குடும்பத்தார், செலவு விவரங்களைப் பேசி முடித்த பின் இன்னொன்றையும் கேட்பது வழக்கம். "பச்சப் பிள்ளையை ஏன் குப்புறப் போட்டிருக்காங்க? மூச்சு முட்டாதா?" என்பார் ஒருவர். "சுத்தித் துணியைச் சுருட்டி வெச்சுப் பிள்ளையை அசைய விடாம வெச்சிருக்காங்களே, வலிக்காதா?" என்பார் இன்னொருவர். மருத்துவமனையில் இதைக் கேட்கத் தயங்குகிறார்கள். கேட்டாலும், வேலை நெருக்கடியில் இருக்கும் நர்ஸ் ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். ஆகவே இந்த இதழின் மருத்துவப் பகுதிக்கு இதையே பாடமாக எடுத்துக்கொண்டோம்.

சுருக்கமான பதில் இதுதான்: அந்தப் படுக்கையும் ஒரு மருந்து. மருந்துக்கு அளவும் காலமும் இருப்பதுபோல் அதற்கும் உண்டு. மருத்துவமனையில் சரியாக இருக்கும் ஒரு கிடை, வீட்டில் ஆபத்தாகவும் முடியலாம். ஏன் என்று தெரிந்துகொண்டால்தான் இதைச் சரியாகக் கடைப்பிடிக்க முடியும்.

37 வாரம் நிறைவதற்கு முன் பிறப்பதையே குறைமாதப் பிறப்பு என்கிறோம். 2020ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் சுமார் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் இப்படிப் பிறந்தன. இந்தியாவில் மட்டும் சுமார் 30 லட்சம். எனவே இது யாரோ ஒருவர் வீட்டுப் பிரச்சினை என்று ஒதுக்கிவிட முடியாது.

கருவறை செய்யும் வேலை

தாயின் வயிற்றில் கடைசி மூன்று மாதங்களில் குழந்தை எப்படி இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். இடம் குறுகிக்கொண்டே வருகிறது. முழங்கால் வயிற்றோடு ஒட்டி, கைகள் நெஞ்சுக்கு முன்னால் மடங்கி, தாடை சற்றே கீழிறங்கி, முதுகு வளைந்து குழந்தை சுருண்டிருக்கிறது. அது காலை நீட்டி உதைக்கும்போது கருப்பைச் சுவர் கொஞ்சம் இடம் கொடுத்துப் பிறகு மெல்லத் திருப்பித் தள்ளுகிறது. நீட்டல், மடக்கல், மறுபடி நீட்டல் என்று நாள் முழுக்க நடக்கும் இதுதான் குழந்தையின் முதல் உடற்பயிற்சி. பனிக்குட நீர் உடலின் எடையைத் தாங்கிக்கொள்கிறது.

மடக்கும் தசைகளின் இறுக்கம் கீழிருந்து மேலாக ஏறி வருகிறது. 28 வாரக் குழந்தையின் கைகால்கள் துவண்டு கிடக்கும். 32 வாரம் வாக்கில் கால்களில் மடக்கம் தெரியத் தொடங்கும். 36 வாரத்தை ஒட்டி அது கைகளுக்கும் வரும். நிறைமாதக் குழந்தை பிறந்ததும் கைகால்களைக் குறுக்கிக்கொண்டு கிடப்பதும், நாம் காலை நீட்டிவிட்டால் "பட்"டென்று மடக்கிக்கொள்வதும் இதனால்தான்.

28 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு இந்தப் பயிற்சி பாதியில் நின்றுபோகிறது. நீர் இல்லை, சுவர் இல்லை. சமதளமான மெத்தையும் கீழே இழுக்கும் புவியீர்ப்பும்தான் இருக்கின்றன. மல்லாக்கக் கிடத்தி அப்படியே விட்டால் தோள்கள் பின்னால் சாய்ந்து, கைகள் தலைக்கு இருபுறமும் விழுந்துவிடும். கால்கள் செத்த தவளையின் கால்கள்போல் அகன்று மெத்தையில் தட்டையாகப் படியும். தலை ஒரு பக்கம் சரியும். குழந்தைக்கு அதை மாற்றிக்கொள்ளப் பலம் கிடையாது. வாரக்கணக்கில் இப்படியே கிடந்தால் சில தசைகள் குறுகிப்போகும், சில தசைகள் வேலையின்றி நலிந்துபோகும்.

பின்விளைவுகள் மாதங்கள் கழித்தே தெரியவரும். தோள் பின்னுக்குப் போன குழந்தைக்கு இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேராகக் கொண்டுவருவது சிரமம். கையை வாயில் வைத்துச் சப்புவதும், பொம்மையை இரு கைகளாலும் பிடிப்பதும், பிறகு தவழ்வதும் தள்ளிப்போகலாம். இடுப்பு வெளிப்புறம் திரும்பியே பழகிய குழந்தை, நடக்கும்போது பாதத்தை வெளியே திருப்பி வைக்கலாம். மண்டை ஓடு மெல்லியதாக இருப்பதால், எப்போதும் பக்கவாட்டில் சாய்ந்த தலை இருபுறமும் அமுங்கி நீண்டு குறுகிவிடும்.

துணிச் சுருளின் நோக்கம் இப்போது புரியும். கருப்பைச் சுவரின் வேலையை அது செய்கிறது. மெல்லிய துண்டைச் சுருட்டி, கூடுபோல வளைத்து வைத்து, அதற்குள் குழந்தையை மடக்கிய நிலையில் கிடத்துகிறார்கள். கைகள் முகத்தருகே, முழங்கால்கள் மடங்கியபடி, பாதத்துக்கு உதைக்க ஒரு சுவர். கட்டிப்போடுவது நோக்கமல்ல. குழந்தை நீட்ட முடியவேண்டும், நீட்டியதும் துணி அதைத் திருப்பி அணைக்கவேண்டும். இறுக்கிச் சுற்றிவிட்டால் அது கூடு அல்ல, மூட்டை.

குப்புற ஏன், ஒருக்களித்து ஏன்

மூச்சுக் கருவியில் இருக்கும் குறைமாதக் குழந்தைக்கு நெஞ்சுக்கூடு மிகவும் இளசாக இருக்கும். மூச்சை உள்ளே இழுக்கும்போது விலா எலும்புகளும் கூடவே உள்ளே போகும். குப்புறக் கிடத்தினால் மெத்தை நெஞ்சுக்கு அண்டை கொடுக்கிறது. நுரையீரலின் பின்பகுதிக்கும் காற்று நன்றாகப் போகிறது. ஆக்சிஜன் அளவு ஓரளவு உயர்வதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. தூக்கமும் ஆழமாக இருக்கும். ஆனால் அங்கே குழந்தையின் காலிலோ கையிலோ ஒரு சென்சார் ஒட்டியிருக்கிறது, மானிட்டர் ஓடுகிறது, மூச்சு நின்றால் மணி அடிக்கிறது, நர்ஸ் ஓடி வருகிறார். இந்த நான்கும் இருப்பதால்தான் குப்புறப் போடுகிறார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பால் கொடுத்த பிறகு ஒருக்களித்துக் கிடத்துவதும் காரணத்தோடுதான். வலப்பக்கம் கிடந்தால் வயிறு சீக்கிரம் காலியாகும். இடப்பக்கம் கிடந்தால் பால் எதுக்களிப்பது குறையும். மிக இளம் குழந்தைகளுக்கு முதல் மூன்று நாள் மூளையில் இரத்தக் கசிவு ஏற்படும் அபாயம் அதிகம். கழுத்து ஒரு பக்கம் முறுகினால் தலையிலிருந்து இரத்தம் திரும்பி வரும் நரம்பு நெருக்கப்படும் என்பதால், பல பிரிவுகளில் அந்த நாட்களில் தலையை நேர்க்கோட்டில், சற்று உயர்த்தியே வைக்கிறார்கள். அந்த நேரத்தில் "முகத்தை இந்தப் பக்கம் திருப்புங்க சிஸ்டர், ஒரு போட்டோ எடுத்துக்கிறோம்" என்று கேட்காதீர்கள்.

நிலையை மூன்று, நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை, துணி மாற்றுவது, பால் கொடுப்பது ஆகியவற்றோடு சேர்த்து மாற்றுவார்கள். இடையிடையே தொட்டுத் தூக்கி எழுப்பக்கூடாது. காதில் பாங்கு சொல்ல வேண்டும் என்று அத்தாமாரும் நன்னாமாரும் அவசரப்படுவது நமக்குப் புரிகிறது. பெட்டியின் அருகே நின்று மெல்லிய குரலில் சொல்லலாம். அதற்காகக் குழந்தையைக் கையில் வாங்கவோ திருப்பவோ தேவையில்லை. எப்போது சொல்லலாம் என்று நர்ஸிடம் கேட்டுக்கொண்டால் போதும்.

குழந்தை நம்மிடம் பேசுகிறது

1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஹைடலிஸ் ஆல்ஸ் என்ற உளவியலாளர் குறைமாதக் குழந்தைகளின் அசைவுகளைப் பொறுமையாகக் கவனித்து எழுதினார். வாய் பேசாத அந்தச் சிசுவுக்கும் ஒரு மொழி உண்டு என்பதே அவர் கண்டது. விரல்களை விசிறிபோல் விரிப்பது, முதுகை வில்லாக வளைப்பது, திரும்பத் திரும்ப விக்கல், கொட்டாவி, நிறம் வெளுப்பது எல்லாம் "போதும், என்னால் தாங்க முடியவில்லை" என்பதன் அடையாளங்கள். கையை வாய்க்குக் கொண்டுபோவது, பாதங்களை ஒன்றோடொன்று சேர்ப்பது, முகம் இளகுவது ஆகியவை நிம்மதியின் அடையாளங்கள்.

இங்கேதான் பெற்றோருக்கு வேலை இருக்கிறது. கையை நன்றாகக் கழுவி, சூடாக்கிக்கொண்டு, ஒரு கையைக் குழந்தையின் தலையைச் சுற்றியும் மறு கையை மடங்கிய பாதங்களின் மீதும் வைத்து அப்படியே அசையாமல் இருங்கள். தடவவோ தட்டிக்கொடுக்கவோ வேண்டாம். இளம் குழந்தைக்கு வருடல்கூடத் தொல்லையாகும், நிலையான கை அணைப்பு ஆறுதலாகும். ஊசி போடும் நேரத்தில் இப்படி அணைத்துப் பிடித்தால் வலியின் வேகமும் குறைகிறது. "நான் பிடித்துக்கொள்ளலாமா?" என்று கேளுங்கள். கேட்ட பெற்றோரை மறுப்பவர்கள் குறைவு.

எல்லாவற்றிலும் சிறந்த படுக்கை தாயின் நெஞ்சு. 1978இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் எட்கார் ரே சனாப்ரியா என்ற மருத்துவர் இதைத் தொடங்கினார். அங்கே ஒரே இன்குபேட்டரில் ஒன்றுக்கு மேற்பட்ட குழந்தைகளைக் கிடத்த வேண்டிய நெருக்கடி, அதனால் தொற்று, மரணம். வேறு வழியில்லாமல் குழந்தையைத் தாயின் வெற்று மார்பில் நிமிர்ந்த நிலையில் கட்டிவைத்தார். இன்று கங்காரு பராமரிப்பு என்று உலகம் முழுதும் அறியப்படுவது அதுதான். அதில் குழந்தையின் கால்கள் தவளைக் கால்போல் அகன்றுதான் இருக்கும். ஆனால் மடங்கி, தாயின் உடலும் துணியும் தாங்கிப் பிடிக்கும் நிலையில் இருக்கும். மெத்தையில் தட்டையாகக் கிடப்பதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அதுவே. கைகள் மடங்கி மார்பில் பதிந்திருக்கும். தலை ஒரு பக்கம் திரும்பி, மூச்சுக்குழல் நெருங்காதபடி சற்றே நிமிர்ந்திருக்கும்.

2021இல் வெளியான ஓர் ஆய்வில் இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில் 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்த 3,211 குழந்தைகள் சேர்க்கப்பட்டார்கள். இந்தியாவில் டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனை அதில் இடம்பெற்றது. குழந்தையின் உடல்நிலை சீராகட்டும் என்று காத்திராமல் பிறந்த உடனேயே கங்காரு முறையைத் தொடங்கியதில் 28 நாட்களுக்குள் நிகழ்ந்த மரணம் நான்கில் ஒரு பங்கு குறைந்தது. பலன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். 2022இல் உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 8 முதல் 24 மணி நேரம்வரை இதைச் செய்யப் பரிந்துரைத்தது. பொகோட்டாவில் இப்படி வளர்ந்தவர்களை 20 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, பள்ளிக்கு வராமல் இருப்பதும் முரட்டுத்தனமும் அவர்களிடம் குறைவாகக் காணப்பட்டன.

நம் பெண்கள் சிலர் பர்தாவை நினைத்துத் தயங்குகிறார்கள். முன்பக்கம் திறக்கும் தளர்ந்த மேலாடையும் மேலே ஒரு சால்வையும் போதும், வெளியே எதுவும் தெரியாது. திரைச்சீலை கேட்டு வாங்கலாம். தாய்க்கு உடல்நிலை சரியில்லை என்றால் அத்தாவோ நன்னியோ செய்யலாம், அவர்கள் நெஞ்சுச் சூடும் சூடுதான்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சரியாகப் படுக்க வைத்துவிட்டால் குழந்தை அறிவாளியாகிவிடும் என்று சிலர் விளம்பரப்படுத்தி விலையுயர்ந்த மெத்தைகளை விற்கிறார்கள். நமது உதவிப் பணம் அதற்குப் போவதை நாம் விரும்பவில்லை. எத்தனை வாரத்தில் பிறந்தது, மூளையில் கசிவு உண்டா, தொற்று வந்ததா என்பவையே வளர்ச்சியைப் பெரிதும் தீர்மானிக்கின்றன. கிடை அதற்குத் துணை நிற்கும் ஓர் அம்சம். ஒரு பருத்தித் துண்டும் கவனமான கைகளும் அதற்குப் போதும்.

வீட்டுக்கு வந்த பின்

மருத்துவமனையில் கண்டதை வீட்டில் அப்படியே செய்வதுதான் நாம் அதிகம் அஞ்சும் விஷயம். "அங்கே குப்புறப் போட்டாத்தான் நல்லாத் தூங்குச்சு" என்பார்கள். அங்கே மானிட்டர் இருந்தது, இங்கே இல்லை. குப்புறத் தூங்கும் குழந்தைகள் காரணம் தெரியாமல் திடீரென இறந்துபோவது அதிகம் என்று கண்டறியப்பட்டு, 1991இல் பிரிட்டனிலும் 1994இல் அமெரிக்காவிலும் "மல்லாக்கத் தூங்க வையுங்கள்" என்ற பிரச்சாரம் நடந்தது. அமெரிக்காவில் அத்தகைய மரணங்கள் பத்தாண்டுகளுக்குள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. குறைமாதக் குழந்தைக்கு இந்த அபாயம் மற்றக் குழந்தைகளைவிட அதிகம். எனவே வீட்டில் ஒவ்வொரு தூக்கமும் மல்லாக்க, உறுதியான சமதளப் படுக்கையில். துணிச் சுருளும் தலையணையும் வேண்டாம். விழித்திருக்கும்போது, யாராவது பக்கத்தில் இருந்து பார்க்கும்போது மட்டும், சிறிது நேரம் குப்புறப் போடலாம். கழுத்துக்கும் தோளுக்கும் அது நல்லது.

தூளியைப் பற்றியும் கேட்கிறார்கள். வயிற்றுக்குள் இருந்ததுபோல் சுருண்டுதானே இருக்கிறது என்கிறார்கள் நன்னிமார். உண்மைதான், ஆனால் வயிற்றுக்குள் குழந்தை மூச்சு விடவில்லை. சேலைத் தூளியில் தாடை நெஞ்சில் அழுந்தினால், கழுத்து நிற்காத குழந்தைக்குக் காற்றுப் பாதை அடைபடும். எடை கூடிக் கழுத்து நிற்கும்வரை தூளி வேண்டாம்.

"உரம் விழுந்துவிட்டது" என்று சேலையில் போட்டு உருட்டுவதும் உதறுவதும் குறைமாதக் குழந்தைக்கு மிகப் பெரிய ஆபத்து. தலையைப் பிடித்து உருண்டையாக்குவது, மூக்கை இழுத்துவிடுவது, கைகாலை நீட்டி இழுத்து நீவுவது எதுவும் வேண்டாம். தலை ஒரு பக்கம் தட்டையாகிறது என்றால் தூங்க வைக்கும்போது முகம் திரும்பும் பக்கத்தை மாற்றுங்கள். கழுத்து ஒரே பக்கமே திரும்பினால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது மறுபரிசோதனை தேதி எழுதித் தருவார்கள். குழந்தை கொழுகொழுவென்று இருக்கிறதே என்று அதைத் தவறவிடுபவர்கள் பலர். அரசு மருத்துவமனைகளில் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையங்கள் உள்ளன. பிசியோதெரபியும் வளர்ச்சிப் பரிசோதனையும் அங்கே இலவசம். அங்கே கணக்கிடும் வயது வேறு: பிறந்த தேதியிலிருந்து எண்ணாமல், பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து எண்ணுவார்கள். 28 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு இன்று ஆறு மாதம் என்றால், வளர்ச்சிக் கணக்கில் அதற்கு மூன்று மாதம்தான். பக்கத்து வீட்டு ஆறு மாதக் குழந்தை குப்புற விழுகிறதே, நம் பிள்ளை இன்னும் விழவில்லையே என்று ஒப்பிட்டுக் கலங்காமல், இந்தக் கணக்கோடு போய் மருத்துவரைப் பாருங்கள்.