பணமா, பயணமா?

ஊரை விட்டு ஈராயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், தில்லியில் தங்கிப் பயிலும் நம்மை நாடி இன்று வங்கிகளே வருகின்றன. கிரெடிட் கார்டு என்று நாம் வழங்கும் கடன் அட்டையைக் காட்டி, ‘செலவு செய்யுங்கள், ஒரு பகுதியைப் பணமாகவே திருப்பித் தருகிறோம்’ என்கிறது ஒரு வங்கி. ‘செலவு செய்யுங்கள், புள்ளிகள் சேர்ந்ததும் விமானத்தில் ஏற்றி அனுப்புகிறோம்’ என்கிறது மற்றொன்று. இவற்றுள் எது நன்று என்று விடுதி நண்பர்கள் பலர் என்னைக் கேட்டதுண்டு. பொருளியல் பயிலும் மாணவன் என்ற முறையில், இவ்வினாவைக் கணக்கிட்டுக் காண முயல்கிறேன்.

பரிசின் ஊற்று

இவ்விரு வகைப் பரிசும் அமெரிக்காவில் வளர்ந்தவை. 1981-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனம் அடிக்கடி பறப்போர்க்குப் புள்ளி வழங்கும் திட்டத்தைத் தொடங்கிற்று. 1986-இல் சியர்ஸ் நிறுவனத்தார் வெளியிட்ட டிஸ்கவர் அட்டை, செலவில் ஒரு பங்கைப் பணமாகத் திருப்பித் தந்து புகழ் பெற்றது. மறு ஆண்டே சிட்டி வங்கி விமான நிறுவனத்துடன் கூடிப் பயண அட்டையை வெளியிட்டது.

வங்கி இப்பரிசை எங்கிருந்து கொடுக்கிறது? நாம் 100 ரூபாய்க்கு அட்டையை நீட்டினால் கடைக்காரர்க்கு முழுத்தொகையும் சேர்வதில்லை. பிடித்துக்கொள்ளும் கட்டணத்தில் ஒரு பங்கு, அட்டை கொடுத்த வங்கிக்குப் போகிறது. ஆண்டுக் கட்டணம் மற்றொரு வரவு. மூன்றாவது வரவு, குறித்த நாளில் கடனைக் கட்டாதார் செலுத்தும் வட்டி. காலத்தில் கட்டுவோன் பெறும் பரிசில், கட்டத் தவறியவனுடைய பணமும் கலந்திருக்கிறது. நாம் எந்தப் பக்கம் நிற்கப் போகிறோம் என்பதே முதல் வினா.

இரு வகையும் இயங்கும் விதம்

கேஷ்பேக் அட்டையின் கணக்கு எளிது. 100 ரூபாய்க்கு ஒரு ரூபாய் என்றால் அந்த ஒரு ரூபாய் அடுத்த பில்லில் கழியும். அதை எங்கும் செலவிடலாம். அதன் மதிப்பை வங்கி குறைக்க இயலாது. ஆயினும் இங்கும் வரம்புகள் உண்டு. மாதத்துக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்பு இருக்கும். பெட்ரோல், வாடகை, வாலட்டில் பணம் ஏற்றுதல் போன்றவற்றுக்குப் பல அட்டைகள் ஒன்றும் தருவதில்லை.

பயண அட்டை தருவது பணமன்று, புள்ளி. ஒரு புள்ளிக்கு என்ன மதிப்பு என்பதை வங்கியும் விமான நிறுவனமும் உறுதி செய்கின்றன. நாளை மாற்றவும் செய்யலாம். ஆதலின் ‘இத்தனை புள்ளிகள்’ என்ற விளம்பரத்தைக் கண்டு மயங்காமல், ஒரு புள்ளியின் மதிப்பை நாமே காணவேண்டும். வழி இதுதான்: டிக்கெட்டின் விலையிலிருந்து நாம் ரொக்கமாகக் கட்டும் வரியையும் கட்டணத்தையும் கழித்து, மீதியைச் செலவாகும் புள்ளிகளால் வகுக்கவேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு

எண்கள் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவை. தில்லியிலிருந்து சென்னைக்கு விமான டிக்கெட் 6,000 ரூபாய். அதற்கு 10,000 புள்ளிகளும் ரொக்கமாக 900 ரூபாயும் கேட்கிறார்கள். 5,100-ஐ 10,000-ஆல் வகுத்தால் ஒரு புள்ளிக்கு 51 பைசா. 100 ரூபாய்ச் செலவுக்கு 2 புள்ளிகள் கிடைக்குமாயின், பரிசு 1 ரூபாய் 2 பைசா. கேஷ்பேக் அட்டையின் ஒரு ரூபாய்க்கு இது ஏறக்குறையச் சமமே.

ஆனால் மாணவன் ஒருவன் மாதம் 6,000 ரூபாய் செலவிடுகிறான் என்று கொள்வோம். ஆண்டுக்கு 72,000, சேரும் புள்ளிகள் 1,440. பத்தாயிரத்தை எட்ட ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் ஆகும். பல அட்டைகளில் புள்ளிகள் இரண்டு மூன்று ஆண்டுகளில் காலாவதியாகிவிடும். முதுகலை முடித்து நாம் ஊர் திரும்பும்போதும் அந்த விமானம் தரையிலேதான் நிற்கும்!

கேஷ்பேக் அட்டையிலோ அதே செலவுக்கு ஆண்டுக்கு 720 ரூபாய் கைக்கு வரும். ஆனால் ஆண்டுக் கட்டணம் 499 ரூபாய் என்றால், 18 விழுக்காடு வரியுடன் 588 ரூபாய் 82 பைசா போய்விடும். எஞ்சுவது 131 ரூபாய் 18 பைசா. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதைதான். கட்டணமில்லாத அட்டையாயின் 720-உம் நமதே.

நம்மிற் பெரும்பாலோர் ஊருக்குப் போவது தமிழ்நாடு எக்ஸ்பிரசிலோ கிராண்ட் டிரங்கிலோ அல்லவா? ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தில் குளிர்சாதனமில்லா வகுப்புக்கு யு.பி.ஐ. வழியாகச் செலுத்தினால் சேவைக் கட்டணம் 10 ரூபாய், பிற வழிகளில் 15 ரூபாய்; வரி வேறு. 700 ரூபாய் டிக்கெட்டுக்கு அட்டையில் திரும்பும் 7 ரூபாயில், இந்த வேறுபாடே வரியுடன் 5 ரூபாய் 90 பைசாவை விழுங்கிவிடும்.

பயண அட்டை யார்க்கும் உதவாது என்று சொல்லமாட்டேன். உதவித்தொகை பெற்று, ஆண்டுக்கு நான்கைந்து முறை மாநாடுகளுக்குப் பறக்கும் ஆராய்ச்சி மாணவர்க்கு அது கூடுதல் பயன் தரலாம். பயண நாளை மாற்றிக்கொள்ளும் வசதியுடையார் புள்ளிக்கு 51 பைசாவினும் மிகுந்த மதிப்பைப் பெறவுங்கூடும். விமான நிலைய ஓய்வறையும் அவர்க்கே பயன்படும்.

வட்டி என்னும் எதிர்க்கணக்கு

பரிசைப் பற்றி இவ்வளவு பேசினோம். மாதத்துக்கு மூன்றரை விழுக்காடு வட்டி என்பது அட்டைகளில் காணக்கூடிய விகிதம். ஆண்டுக்கு 42 விழுக்காடு! 6,000 ரூபாய் ஒரு மாதம் நிலுவையில் நின்றால் வட்டி 210 ரூபாய், வரி 37 ரூபாய் 80 பைசா. நான்கு மாதம் சேர்த்த கேஷ்பேக்கை இந்த ஒரு மாதம் தின்றுவிடுகிறது.

‘குறைந்தபட்சத் தொகை’ என்று பில்லில் காணும் எண்ணைக் கட்டினால் போதும் என்று எண்ணுவோர் உளர். அதனால் தாமதக் கட்டணந்தான் தவிரும், வட்டி தவிராது. நிலுவை இருக்கும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லாக் காலம் கிடையாது. 30 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்குதல் முறையன்று என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் கூறிய தீர்ப்பை, உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் நீக்கிவிட்டது. நம்மை நாமே காத்துக்கொள்வதன்றி வேறு வழியில்லை.

ஊர் வங்கியின் அட்டை

கும்பகோணத்தில் 1904-இல் தோன்றிய சிட்டி யூனியன் வங்கி, 1916-இல் எழுந்த கரூர் வைசியா வங்கி, தூத்துக்குடியில் 1921-இல் நாடார் வங்கியாகப் பிறந்த தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி ஆகியவற்றில் நம் பெற்றோர் பலர்க்குக் கணக்கு உண்டு. பழகிய வங்கி என்ற நம்பிக்கையால் அங்கே அட்டை கேட்கத் தோன்றும். வட்டார வங்கிகளின் பெயரில் வரும் அட்டைகளுள் சில, வேறொரு நிறுவனத்துடன் கூடி வழங்கப்படுபவை. அவற்றில் பரிசும் வட்டியும் அந்நிறுவனத்தின் விதிப்படியே நடக்கும். ஆதலின் அட்டையை வழங்குவது யார், குறை சொல்ல வேண்டியது யாரிடம் என்பதை முதலிலேயே கேட்டறிதல் வேண்டும்.

வருமானமில்லாத மாணவர்க்கு, பதினெட்டு வயது நிரம்பியிருந்தால், நிலையான வைப்புத் தொகையின் பேரில் அட்டை தரும் வங்கிகள் உண்டு. கடனைக் கட்டாவிடில் வங்கி அந்த வைப்பிலிருந்தே எடுத்துக்கொள்ளும். நம் தவறுதல் சிபில் போன்ற கடன் ஏடுகளிலும் ஏறும். நாளை கல்விக் கடனோ வீட்டுக் கடனோ கேட்கும்போது முன்வந்து நிற்கும். வேண்டாமென்று தோன்றினால் நிலுவையைத் தீர்த்துவிட்டு அட்டையை மூடச் சொல்லலாம். ஏழு வேலை நாட்களுக்குள் மூடாத வங்கி, நாளொன்றுக்கு 500 ரூபாய் நமக்குத் தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கி 2022-இல் வகுத்த விதி.

முடிவாக என் கருத்து இது. ரயிலில் ஊர் செல்லும் மாணவர்க்கு, ஆண்டுக் கட்டணமில்லாத கேஷ்பேக் அட்டையே ஏற்றது. அடிக்கடி பறப்பவர், புள்ளியின் மதிப்பைக் கணக்கிட்டபின் பயண அட்டையை நாடலாம். மாத முடிவில் முழுத்தொகையையும் கட்ட இயலுமா என்ற ஐயம் உடையவர்க்கு இரண்டுமே வேண்டா. அவர்க்கு யு.பி.ஐ. போதும், அதில் உள்ள பணம்தான் செலவாகும், இல்லாத பணம் செலவாகாது.