இணையத்தில் அந்தரங்கத்தைக் காக்கும் முறை

நாம் ஓர் இணையதளத்தைத் திறக்கும்பொழுது, நாம் வந்திருக்கிறோம் என்பதை அத்தளத்தை நடத்துகிறவர் அறிந்துகொள்வதில் குற்றம் சொல்ல இடமில்லை. கேட்ட பக்கத்தை நமக்கு அனுப்பிவைக்க நம்முடைய ஐபி முகவரி அவருக்குத் தெரிந்தே ஆகவேண்டும். ஆனால் நாம் கண்டும் கேட்டுமிராத வேறொரு ஸ்தாபனம், காலையில் நாம் படித்த செய்தியையும், நண்பகலில் விசாரித்த மருந்தையும், இரவில் கணக்குப் பார்த்த வீட்டுக் கடனையும் ஒரே மனிதருடைய காரியங்கள் என்று கண்டறிந்து ஒரே கோவையாகத் தொகுத்து வைத்துக்கொள்ளுமானால், அது நம் அந்தரங்கத்தின்மீது செய்யப்படும் அத்துமீறல் என்பதில் ஐயமில்லை. தனித்தனியே கிடக்கும் குறிப்புகளால் விளையும் தீங்கு சொற்பம்; அவை ஒன்றுசேர்வதனால் விளைவதே பெரிது. ஆகையால் இங்கே சொல்லப்போகும் உபாயங்கள் யாவும் அந்தத் தொகுப்பைக் குலைப்பது ஒன்றையே நோக்கமாகக் கொண்டவை. எவர் கண்ணிலும் படாமல் இணையத்தில் உலவுவதற்கு இவை வழி சொல்லமாட்டா. சாமானிய மனிதருக்கு அது தேவையுமில்லை.

இத்தொகுப்பு எவ்வாறு நிகழ்கிறது என்பதைச் சற்று அறிந்துகொண்டால்தான், செய்யும் காரியத்தின் காரணம் விளங்கும். இணையப் பக்கங்களைக் கொண்டுவந்து தரும் நெறிமுறைக்கு இயல்பிலே நினைவு என்பது கிடையாது. ஒரு பக்கத்தைக் கேட்டவரும் மறு நிமிஷம் அடுத்த பக்கத்தைக் கேட்பவரும் ஒருவரே என்பதை அது அறியாது. இக்குறையைப் போக்குவதற்காக 1994-ஆம் ஆண்டில், நெட்ஸ்கேப் ஸ்தாபனத்தில் பணிபுரிந்த லூ மோன்டுல்லி என்ற பொறியியலாளர், நம் பிரவுசரிலேயே ஒரு சிறு குறிப்பை வைத்துவிட்டு, மறுபடி நாம் வரும்போது அதைக் கேட்டு வாங்கிப் பார்க்கும் முறையை அமைத்தார். அதுவே குக்கீ. கடைத் தளத்தில் வாங்க எடுத்த பொருள்கள் பக்கம் மாறியதும் மறைந்துபோகாமல் நிற்பது அதனாலேதான். ஆயினும் ஒரு செய்தித் தளத்தின் பக்கம் அந்தத் தளத்திலிருந்து மட்டும் வருவதில்லை. விளம்பரம் ஓரிடத்திலிருந்தும், 'லைக்' பொத்தான் வேறோரிடத்திலிருந்தும், ஒரே ஒரு புள்ளி அளவுள்ள புலப்படாத படம் மற்றோரிடத்திலிருந்தும் வருகின்றன. அவற்றில் ஒவ்வொன்றும் தன் குக்கீயை நம்மிடம் வைக்க வல்லது. வழக்கமாகப் போகும் மளிகைக் கடைக்காரர் நம் முகத்தை நினைவில் வைத்திருப்பது வேறு. கடைத்தெருவின் ஒவ்வொரு வாசலிலும் தன் ஆளை நிறுத்தி, நாம் எங்கெங்கே நுழைந்தோம் என்று ஒருவன் எழுதிக்கொண்டே வருவது வேறு.

பெயரைக் குறிப்பதில்லை, எண்ணை மட்டுமே வைத்திருக்கிறோம் என்று சொல்லப்படும் சமாதானத்தை நம்பவேண்டாம். 2006-ஆம் ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவின் ஏஓஎல் ஸ்தாபனம், ஆராய்ச்சிக்குப் பயன்படும் என்று கருதி, ஏறத்தாழ 6,50,000 பேர் தேடிய சொற்களைப் பெயர் நீக்கி எண்ணிட்டு வெளியிட்டது. ஓர் எண்ணின்கீழ் இருந்த ஊர்ப் பெயரையும் குடும்பப் பெயரையும் இன்ன பிற தேடல்களையும் சேர்த்துவைத்துப் பார்த்த நியூயார்க் டைம்ஸ் நிருபர்கள், அவற்றுக்குரிய முதிய பெண்மணியைச் சில தினங்களிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். தொகுப்பே பெயரைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

இனிச் செய்யவேண்டியவற்றுக்கு வருவோம். முதற்படி, பிரவுசரில் பிறதளக் குக்கீகளை நிறுத்துவது. ஆப்பிளின் சஃபாரி 2020 முதல் அவற்றை முற்றிலும் தடுத்துவருகிறது. பயர்ஃபாக்ஸ் 2022 முதல், ஒவ்வொரு தளத்தின் குக்கீகளையும் தனித்தனியே அடைத்து, ஒன்றையொன்று அறியாதபடி செய்துவிடுகிறது. அதன் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' பகுதியில் 'ஸ்ட்ரிக்ட்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் காவல் இன்னும் கடுமையாகும். நம்மில் மிகப் பலர் உபயோகிக்கும் குரோமின் விஷயமோ வேறு. இரண்டே ஆண்டுகளில் இவ்வகைக் குக்கீகளை ஒழித்துவிடுவதாக 2020-இல் அறிவித்த கூகுள், தவணைமேல் தவணையாகத் தள்ளிவைத்து, 2024-இல் அத்திட்டத்தைக் கைவிட்டது. ஆதலால் குரோம் வைத்திருப்பவர் இதைத் தம் கையாலேயே செய்துகொள்ளவேண்டும். கணினியில் 'செட்டிங்ஸ்' திறந்து, 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' என்பதற்குள் 'தேர்ட் பார்ட்டி குக்கீஸ்' என்ற இடத்தை அடைந்து, தடுக்கும்படி குறியிடுங்கள். ஆண்ட்ராய்டு தொலைபேசியில் அது 'சைட் செட்டிங்ஸ்' என்பதற்குள் இருக்கும். பதிப்புக்குப் பதிப்பு இடம் மாறுவது வழக்கமாகையால், கணினியில் காணவில்லையெனில் செட்டிங்ஸ் பக்கத்தின் தேடற்பெட்டியில் தேடிக்கொள்ளலாம். இவ்வாறு தடுத்தபின் எப்போதேனும் ஒரு தளம் சரிவர இயங்காமற் போனால், அந்த ஒரு தளத்துக்கு மட்டும் அனுமதி கொடுங்கள்; அதன் பொருட்டுத் தடை முழுவதையும் நீக்கிவிடாதீர்கள்.

அடுத்தது, பின்தொடரும் நிரல்கள் நம் சாதனத்துக்குள் இறங்குவதற்கு முன்பே நிறுத்திவிடும் ஒரு துணைக்கருவியைச் சேர்ப்பது. என் அபிப்பிராயத்தில் யுபிளாக் ஆரிஜின் இதற்கு மிகவும் உகந்தது. விலையில்லாதது, நிரல் யாவரும் படித்துப் பார்க்கும்படி வெளியிடப்பட்டது. பயர்ஃபாக்ஸில், ஆண்ட்ராய்டுத் தொலைபேசியில் இயங்கும் பயர்ஃபாக்ஸிலுங்கூட, அது முழு வலிமையோடு வேலை செய்யும். குரோமில் துணைக்கருவிகளுக்கான விதிகள் மாறிவிட்டமையால் 'லைட்' என்ற சுருங்கிய வடிவமே கிடைக்கும். ஏறத்தாழ இதே பெயருடைய போலிகளும் உலவுவதால், பெயரை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்து நிறுவவேண்டும். துணைக்கருவி என்பது நாம் திறக்கும் பக்கங்களையெல்லாம் காணக்கூடியது; எனவே அவற்றைக் கண்டபடி சேர்ப்பது, அந்தரங்கத்தைக் காக்க வந்தவரிடமே அதைப் பறிகொடுப்பதாக முடியும்.

மூன்றாவது, சம்மதம் கேட்டு எழும் பலகையை எதிர்கொள்ளும் விதம். அவசரத்தில் 'அக்செப்ட்' பொத்தானை அழுத்திவிட்டுப் போவதே பலருக்கும் வழக்கமாக இருக்கிறது. பலகையை அமைத்தவர்கள் எதிர்பார்ப்பதும் அதுவே. 'ரிஜெக்ட் ஆல்' என்பது வெளிப்படையாக இருந்தால் தயங்காமல் அதை அழுத்துங்கள். இல்லையெனில் 'மேனேஜ்' என்றோ 'செட்டிங்ஸ்' என்றோ மங்கலாக எழுதியிருப்பதைத் திறந்து, எல்லாவற்றையும் அணைத்து, அணைத்தபடி சேமியுங்கள். அங்கேயே 'லெஜிடிமேட் இன்ட்ரஸ்ட்' என்ற பெயரில் மற்றொரு பட்டியல் முன்கூட்டியே இயக்கிவைக்கப்பட்டிருப்பது உண்டு. அதையும் அணைக்க மறவாதீர்கள். இப்படி மறுப்பது தளத்தாருக்குச் செய்யும் துரோகமன்று, சட்டம் நமக்கு அளித்திருக்கும் உரிமை. முன்னரே குறியிட்டு வைத்த பெட்டி சம்மதமாகாது என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2019-இல் தீர்ப்பளித்தது. ஏற்பதை எளிதாகவும் மறுப்பதைக் கடினமாகவும் அமைத்ததற்காக, பிரான்ஸின் தரவுப் பாதுகாப்பு அமைப்பு கூகுளுக்கு 15 கோடி யூரோவும் பேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் விதித்ததை 2022 ஜனவரியில் அறிவித்தது. நம் நாட்டில் அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகக் கூறினார்கள். 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், சம்மதம் சுயேச்சையாகவும் தெளிவாகவும் அளிக்கப்படவேண்டும் என்றும், கொடுப்பது எத்தனை எளிதோ திரும்பப் பெறுவதும் அத்தனை எளிதாக இருக்கவேண்டும் என்றும் விதிக்கிறது.

தொலைபேசிக்கெனத் தனியே செய்யவேண்டியது ஒன்று உண்டு. ஒவ்வொரு தொலைபேசியும் ஒரு விளம்பர ஐடியைத் தாங்கியிருக்கிறது. தனித்தனிச் செயலிகள் சேகரிப்பவற்றை ஒரே ஆளுடையவை என்று பிணைக்கும் கயிறு அதுவே. ஆண்ட்ராய்டின் 'செட்டிங்ஸ்', 'பிரைவசி', 'ஆட்ஸ்' என்ற வரிசையில் சென்றால் 'டிலீட் அட்வர்டைசிங் ஐடி' என்று காணப்படும்; நீக்கிவிட்டால், கேட்கும் செயலிக்கு வெறும் பூஜ்யங்களே கிடைக்கும். ஐபோனில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' என்பதற்குள் 'டிராக்கிங்' பக்கத்தைத் திறந்து, செயலிகள் அனுமதி கேட்பதையே அணைத்துவிடலாம். இருப்பிடம் அறியும் அனுமதியை, உபயோகிக்கும் நேரத்துக்கு மட்டும் என்று குறுக்கிவிடுங்கள்.

பிறருக்கு அனுப்பும் சுட்டிகளிலும் கவனம் தேவை. முகவரியில் கேள்விக்குறிக்குப் பின்னால் 'யுடிஎம்' என்றும் 'எஃப்பி கிளிக் ஐடி' என்றும் நீண்டு தொங்கும் எழுத்துகள், அந்தச் சுட்டி எங்கிருந்து எவர்வழி வந்தது என்பதை அறிவிப்பவை. கேள்விக்குறியிலிருந்து எஞ்சியதை வெட்டிவிட்டுத் திறந்து பாருங்கள். பக்கம் வந்தால், வெட்டியது வேண்டாததே. கணினியில் யூடியூபின் முகவரியில் 'வி' என்ற எழுத்தையடுத்து வருவது காணொளியின் அடையாளமாகையால் அதை மட்டும் விட்டுவைத்து, 'எஸ்ஐ' என்று தொடங்குவதை நீக்கலாம். மின்னஞ்சலுக்குள்ளும் புலப்படாத படம் பொதிந்து வருவதுண்டு. நாம் கடிதத்தைத் திறந்ததை அது அனுப்பியவருக்குச் சொல்லிவிடும். ஜிமெயிலின் செட்டிங்ஸில், வெளிப்படங்களைக் காட்டுமுன் கேட்கும்படி செய்துகொண்டால் அந்த வழி அடைபடும்.

எல்லாவற்றினும் வலிய பிணைப்பு எதுவெனில், நாமே பெயர் கொடுத்து நுழைந்திருக்கும் கணக்குதான். பலரும் கவனிக்காமல் விடுவதும் அதைத்தான். குக்கீகளையெல்லாம் அழித்துவிட்டு, கூகுள் கணக்கிலோ பேஸ்புக் கணக்கிலோ நாள் முழுதும் நுழைந்தபடியே உலவினால், செய்த சிரமம் பெரும்பாலும் வீணே. ஆகவே இரண்டு பிரவுசர்களை வைத்துக்கொண்டு, ஒன்றைக் கணக்குகளுக்கென்றும் மற்றொன்றைப் படிப்பதற்கும் தேடுவதற்கும் என்றும் பிரித்துவிடுவது நலம். மருத்துவம், கடன், வழக்கு முதலியவற்றை எப்போதும் இரண்டாவதிலேயே தேடுங்கள். புதிய தளங்களில் 'கூகுள் மூலம் நுழைக' என்று அழைக்கும் பொத்தானைத் தவிர்த்து, தனிக் கடவுச்சொல்லோடு நுழையுங்கள். கூகுள் கணக்கில் சேர்ந்திருக்கும் நடவடிக்கைப் பதிவுகளை 3 மாதத்துக்கு மேற்பட்டதும் தாமாகவே அழியும்படி அமைக்க அந்தக் கணக்கிலேயே வசதியுண்டு.

இன்காக்னிட்டோ சாளரத்தை நம்பி ஏமாறுகிறவர்கள் அநேகர். அது நம் சாதனத்தில் சுவடு மிஞ்சாமல் செய்யுமேயன்றி, எதிர்முனையிலுள்ள தளத்தையும் அதனுள் அமர்ந்திருக்கும் விளம்பர ஸ்தாபனத்தையும் குருடாக்கிவிடாது. குரோமின் இச்சாளரம் குறித்து அமெரிக்காவில் 2020-இல் தொடரப்பட்ட வழக்கு, 2024-இல் உடன்படிக்கைக்கு வந்தபோது, சேகரித்த பதிவுகளில் கோடிக்கணக்கானவற்றை அழிக்கக் கூகுள் இசைந்தது. விபிஎன் என்பதும் ஐபி முகவரியை மறைக்கும், அவ்வளவே. நம் போக்குவரத்து முழுவதும் விபிஎன் நடத்துகிறவர் வழியாகச் செல்வதனால், நம்பிக்கையை இடம் மாற்றி வைக்கிறோம் என்பதை மறக்கலாகாது.

குக்கீயே இல்லாமலும் ஆளை அடையாளம் காண்பதற்கு ஒரு யுக்தி உண்டு. திரையின் அளவு, நிறுவிய எழுத்துருக்கள், மொழி, நேர மண்டலம் போன்ற அற்பக் குறிப்புகளைச் சேர்த்தால் ஒவ்வொரு பிரவுசருக்கும் ஒரு கைரேகை கிடைத்துவிடுகிறது. அமெரிக்காவின் எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் 2010-இல் ஏறத்தாழ 4,70,000 பிரவுசர்களைச் சோதித்தபோது, 83.6 சதவிகிதம் தமக்கு இணையில்லாத கைரேகை கொண்டிருந்தன. அவ்வமைப்பின் 'கவர் யுவர் டிராக்ஸ்' தளத்தில் நம் பிரவுசரையும் சோதித்துப் பார்க்கலாம். முழுக் காப்பு வேண்டுவோர், எல்லோரையும் ஒரேமாதிரி காட்டும் டோர் பிரவுசரை நாடவேண்டும். ஏனையோர் பயர்ஃபாக்ஸின் 'ஸ்ட்ரிக்ட்' நிலையோடு அமைதியடையலாம்.

இதைப் படிப்பவர்களில் கடைக்கோ, பள்ளிக்கோ, சங்கத்துக்கோ தளம் நடத்துகிறவர்களும் இருப்பார்கள். அவர்களுக்கு ஒரு விண்ணப்பம். எத்தனை பேர் வந்தார்கள், எந்தப் பக்கத்தைப் படித்தார்கள் என்பது மட்டுமே தெரியவேண்டுமானால், சர்வரின் பதிவேடே அதைச் சொல்லும். மேலும் விவரம் தேவையெனில், இலவசமாகக் கிடைக்கும் மட்டோமோ என்ற மென்பொருளைத் தங்கள் சர்வரிலேயே நிறுவி, ஐபி முகவரியின் பிற்பகுதியை மறைத்து, பழைய பதிவுகள் குறித்த காலத்தில் அழியும்படி அமைத்துக்கொள்ளுங்கள். வந்தவர்களின் விவரம் உங்கள் வாசலைத் தாண்டாது. சமூக ஊடகப் பொத்தான்களை எடுத்துவிட்டு வெறும் சுட்டிகளை வையுங்கள். பள்ளித் தளம் நடத்துவோர் இன்னும் விழிப்பாக இருக்கவேண்டும்: 18 வயது நிரம்பாதவர்களைப் பின்தொடர்வதையும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் 2023-ஆம் ஆண்டுச் சட்டம் பொதுவாகத் தடைசெய்கிறது.

இவ்வளவையும் ஒரே நாளில் செய்து முடிக்கவேண்டியதில்லை. பிறதளக் குக்கீகளைத் தடுப்பது, தடுப்புக் கருவியை நிறுவுவது, விளம்பர ஐடியை நீக்குவது ஆகிய மூன்றையும் இன்றே செய்யுங்கள். மற்றவை வாரம் ஒன்றாக வரட்டும். உங்கள் தொலைபேசியில் முடிந்ததும், செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்தே பார்த்திராத வீட்டுப் பெரியவர்களின் தொலைபேசியையும் கேட்டு வாங்கி, அவர்கள் அருகிலேயே அமர்ந்து, இன்னது செய்கிறேன் என்று சொல்லி, அவர்கள் சம்மதத்தோடு அதே மூன்றையும் செய்து கொடுங்கள்.